மலாய் ஸ்ட்ரீட்டில் வாழ்ந்த பெண்கள்



சிங்கப்பூருக்குப் போய்வரும் நம்மவர் பலர் பூகிஸ் ஜங்ஷன் கடைத்தொகுதியைப் பார்த்திருப்பர். 1995ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்குள் மலாய் ஸ்ட்ரீட், ஹைலாம் ஸ்ட்ரீட், மலபார் ஸ்ட்ரீட் எனும் பழைய தெருக்கள் கண்ணாடிக் கூரையின் கீழ் இருக்கின்றன. நூறாண்டுகளுக்கு முன் அத்தெருக்களில் ஜப்பானிய விலைமாதர் விடுதிகள் வரிசையாக இருந்தன. இதைப் பேசக் கூச்சமாக இருக்கலாம். ஆயினும், அங்கே இருந்தவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே என்பதால் நாம் பேசத்தான் வேண்டும்.

அக்காலச் சிங்கப்பூர் உழைக்கும் ஆண்களின் ஊர். 1884இல் அங்கே சீன ஆண்கள் ஏறத்தாழ 60,000 பேர். சீனப் பெண்களோ 6,600 பேர் மட்டுமே. துறைமுகத்திலும் தோட்டத்திலும் உழைக்க ஆண்கள் தனியாகவே வந்தனர். அவர்களின் தனிமையைச் சிலர் வியாபாரமாக்கினர்.

ஜப்பானின் தென்மேற்கில் உள்ள அமாகுசா, ஷிமபாரா பகுதிகள் அந்நாளில் வறுமை மிகுந்தவை. நிலம் குறைவு, வீடு நிறையப் பிள்ளைகள். "வெளிநாட்டில் நல்ல வேலை இருக்கிறது" என்று தரகர்கள் ஆசை காட்டினார்கள். பெற்றோரிடம் முன்பணம் தந்தார்கள். நிலக்கரிக் கப்பல்களின் அடித்தளத்தில் ஒளித்து வைக்கப்பட்டே பல பெண்கள் கடல் கடந்தார்கள். இவர்களை 'கராயுகி சான்' என்பர். வெளிநாடு சென்றவர் என்பது அதன் பொருள்.

கப்பல் செலவு, தரகு, உடை, உணவு யாவும் அப்பெண்ணின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. கடன் தீரும்வரை அவள் விடுதியை விட்டு விலக முடியாது. கங்காணி கொடுத்த முன்பணத்தைத் தலையில் சுமந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இந்தக் கணக்கு விளங்காததா? அவர்களுக்கு நேர்ந்தது அதனினும் கொடியது.

அரசாங்கமும் பார்த்துக்கொண்டே இருந்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் விடுதிகளையும் பெண்களையும் பதிவு செய்தது. நோய் உண்டா என்று பெண்களைப் பரிசோதித்தது. அங்கு வந்துபோன ஆண்களை யாரும் பரிசோதிக்கவில்லை. அவமானம் முழுவதும் பெண்ணின் தலையிலேயே விழுந்தது.

இத்தனைக்கும் நடுவே அப்பெண்கள் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தால் குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் ஜப்பான் வலிமை மிக்க நாடாக வளர்ந்தபோது, இவர்களை நாட்டுக்கே இழுக்கு என்றனர். 1920இல் ஜப்பானியத் தூதரகத்தின் முயற்சியால் அந்த விடுதிகள் மூடப்பட்டன. சிலர் ஊர் திரும்பினர். சிலர் வேறிடம் போயினர். சிலர் மறைவாக அதே தொழிலைத் தொடர்ந்தனர். இவர்களுக்கு மாற்று வழி காட்டுவார் அதிகமில்லை. பின்னர் 1930இல் சிங்கப்பூரில் எல்லா விலைமாதர் விடுதிகளையும் அரசாங்கம் தடை செய்தது.

ஊர் திரும்பாதவர்களும் உண்டு. ஹவ்காங் பகுதியில் ஒரு ஜப்பானிய இடுகாடு இருக்கிறது. ஆதரவின்றி இறந்த இப்பெண்களை அடக்கம் செய்வதற்காக, விடுதி நடத்திய ஒருவரே 1891இல் தம் நிலத்தைக் கொடுத்தார். அங்கே ஏறத்தாழ 900 கல்லறைகள் உள்ளன. அவற்றுள் இளம்பெண்களுடையவை பல. முழங்கால் உயரம்கூட இல்லாத சிறு கற்கள்.

நேயர்களே! தரகர் இன்றும் வருகிறார். நம் பெண்பிள்ளையிடம் வெளியூரில் நல்ல சம்பளம் என்று யாராவது சொன்னால், யார், எந்த ஊர், என்ன வேலை என்று நாமே போய் விசாரிப்போம். முன்பணத்துக்குக் கைநீட்டுமுன் யோசிப்போம். ஏமாந்து போய்த் திரும்பி வரும் பெண்ணிடம் கேள்வி கேட்குமுன், அவளுக்குச் சோறு போடுவோம். அன்று அமாகுசாவின் மகள்கள் பலருக்குக் கிட்டாதது அதுதான்.