வேதாளமும் வாம்பயரும்

மனித இரத்தத்தைக் குடித்து வாழும் பிணத்தைப் பற்றிய கதைகள் வாம்பயர் கதைகள் எனப்படும். 19-ஆம் நூற்றாண்டில் இவை ஆங்கிலத்தில் பெரும் வரவேற்பைப் பெற்றன. அதன் விளைவாக நம் வேதாளத்துக்கு ஆங்கிலத்தில் வாம்பயர் என்ற பெயரும், வாம்பயருக்குத் தமிழில் இரத்தக் காட்டேரி என்ற பெயரும் அமைந்தன. உண்மையில் இம்மூன்றும் வெவ்வேறானவை.

ஆங்கிலப் புனைவுகள்

கிழக்கு ஐரோப்பியச் சிற்றூர் மக்களின் நம்பிக்கையில் இருந்த வாம்பயரை, ஜான் பாலிடோரி 1819-இல் வெளியான தம் கதையில் பிரபு வடிவில் காட்டினார். பின்னர் ஷெரிடன் லே ஃபானுவின் 'கார்மில்லா' (1872), பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) ஆகியவை வெளிவந்தன. இன்றைய திரைப்படங்களில் காணும் வாம்பயர் பெரும்பாலும் டிராகுலாவின் வழிவந்ததே.

பர்ட்டனின் நூல்

விக்கிரமாதித்தனிடம் வேதாளம் சொன்ன 25 கதைகள் வடமொழியில் 'வேதாள பஞ்சவிம்சதி' எனப்படும். காஷ்மீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'கதாசரித்சாகர'த்திலும் இவை உள்ளன. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய ரிச்சர்டு பர்ட்டன், இவற்றுள் சிலவற்றைத் தம் போக்கில் மாற்றி எழுதி, 'விக்ரமும் வாம்பயரும்' என்று பொருள்படும் தலைப்பில் 1870-இல் வெளியிட்டார். வாம்பயர் என்பது ஆங்கில வாசகர்களுக்கு அப்போது நன்கு பழகிய சொல்.

ஆனால் வேதாளம் பிணத்துக்குள் புகுந்து பேசும் ஆவி. இக்கதைகளில் அது அரசனின் இரத்தத்தைக் கேட்பதில்லை; ஒவ்வொரு கதையின் முடிவிலும் நியாயமான விடையையே கேட்கிறது. இறுதியில், அரசனைப் பலியிடத் திட்டமிட்ட துறவியின் சூழ்ச்சியைச் சொல்லி அவன் உயிரையும் காக்கிறது.

தமிழகத்தில்

தமிழ்ச் சிறுவர்களுக்கு வேதாளத்தை நெருக்கமாக்கியது 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழ். உருவிய வாளுடன் நடக்கும் விக்கிரமனையும் அவன் தோளில் கிடக்கும் வேதாளத்தையும் வரைந்தவர் ஓவியர் சங்கர் (கே. சி. சிவசங்கரன், 1924–2020). வெள்ளகோவிலும் அடங்கியிருந்த பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் பிறந்தவர் இவர். மறைவுக்குப் பின் 2021-இல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

காட்டேரி

டிராகுலாவை இரத்தக் காட்டேரி என்பது இன்று பொது வழக்கு. ஆனால் தமிழகச் சிற்றூர்களில் காட்டேரி படையலிட்டு வணங்கப்படும் தெய்வம். சில குடும்பங்களுக்குக் குலதெய்வமும் ஆகும். பர்ட்டனின் தலைப்பு வேதாளத்தின் அறிவை மறைத்தது போலவே, இந்த மொழிபெயர்ப்பும் காட்டேரியின் தெய்வத்தன்மையை மறைத்துவிடுகிறது. வேற்று நாட்டு உருவங்களை ஒப்பிட்டுப் படிக்கும் மாணவர்கள், பெயரை மட்டும் பார்க்காமல், அந்தந்த மக்கள் அவற்றை எவ்வாறு கருதினர் என்பதையும் அறிவது நல்லது.