வேலூர்க் கோட்டையில் ஓர் உபகாரச் சம்பள அலுவலகம்

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் குடிபாலா என்னும் ஊர் உளது. அதனைக் கடந்து சிறிது தூரம் சென்றால் ஆந்திர எல்லை முடிந்து தமிழகம் தொடங்கும். 1911-க்கு முன்னர் இவ்விரு நகரங்களும் வட ஆர்க்காடு என்னும் ஒரே ஜில்லாவைச் சேர்ந்தவை. சித்தூரே அதன் தலைநகரம். வேலூர்க் கோட்டையில் முன்னாளில் இயங்கிய ஓர் அலுவலகத்தின் கதையை இன்று கூற விரும்புகிறோம். கல்கத்தாவில் வாழும் நம் அன்பர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மடிந்தார். அடுத்த மாதம் எழுதப்பட்ட உடன்படிக்கையில், ஹைதர், திப்பு ஆகியோரின் குடும்பங்களுக்கென ஆண்டுதோறும் 2 லட்சம் நட்சத்திர வராகனுக்குக் குறையாமல் செலவிடக் கும்பெனியார் இசைந்தனர். குடும்பத்தார் பகைமை காட்டினால் அத்தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யலாம் என்பதும் அதில் கண்ட நிபந்தனை. பென்ஷனை நம் முன்னோர் 'உபகாரச் சம்பளம்' என்று மொழிபெயர்த்தனர். அழகிய சொல்தான். ஆயினும், திப்பு ஆண்ட நிலத்தின் வருவாயிலிருந்தே அவர் மக்களுக்கு அளந்த படியை உபகாரம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். சம்பளப் பட்டுவாடாவுக்கென ஒரு தனி அதிகாரி அமர்த்தப்பட்டார். 1806-இல் அப்பதவியில் இருந்தவர் லெப்டினென்ட் கர்னல் தாமஸ் மேரியட். பணம் வழங்குவதோடு இளவரசர்களைக் கண்காணிப்பதும் அவர் பொறுப்பே. படியளந்த கையே கதவையும் பூட்டிற்று.

அவ்வாண்டு ஜூலை 9-ஆம் நாள் திப்புவின் மகள் ஒருத்திக்குத் திருமணம். அன்றிரவு கழிந்து பொழுது விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகை, தாடி, சமயக் குறிகள் பற்றிய உத்தரவுகள் மூட்டிய கனல் அது. கோட்டையில் திப்புவின் கொடி ஏறிற்று. ஆயினும் ஆர்க்காட்டிலிருந்து விரைந்த கில்லெஸ்பியின் படை அன்றே கோட்டையை மீட்டது. இளவரசர்களின் பங்கு எவ்வளவு என்பது இன்றளவும் விவாதத்திற்குரியது. கும்பெனியார் அவர்களை வேலூரில் வைத்திருக்கத் துணியவில்லை, கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டனர்.

வேலூர்க் கோட்டைக்கோ அரச குடும்பங்களைக் காக்கும் வேலை அத்துடன் தீரவில்லை. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் 1816-இல் அங்குக் கொண்டுவரப்பட்டார். 1832-இல் அங்கேயே மறைந்தார். அவர் வழியினருக்கும் பல்லாண்டுகள் உபகாரச் சம்பளம் கிடைத்து வந்தது.

கல்கத்தா சென்ற இளவரசர்களுள் கடைக்குட்டி குலாம் முகம்மது. அவருக்குச் சேர வேண்டிய சம்பள நிலுவையைக் கும்பெனியின் இயக்குநர்கள் 1840-இல் அனுமதித்தனர். தர்மதலாவில் அவர் 1842-இல் எழுப்பிய பள்ளிவாசலைத் திப்பு சுல்தான் மசூதி என்றே ஊரார் அழைக்கின்றனர். இறைவனுக்கு நன்றியாகவும், நிலுவை கிடைத்ததன் நினைவாகவும் கட்டியது என்று அதன் கல்வெட்டு கூறுகின்றது.