நாலாவது வால்வு

கவுன்சிலிங் சீசன் வந்தாலே யாராவது ஒருத்தர் கேட்டுடுறாங்க: "பயோமெடிக்கல் எஞ்சினியரிங் எடுக்கலாமா? ஆஸ்பத்திரியில மெஷின் ரிப்பேர் பாக்குற வேலைதானே அது?" நான் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். அட்வைஸ் பண்ற தகுதியெல்லாம் கிடையாது. ஆனா சொல்ல ஒரு வரலாறு இருக்கு.

ருமாட்டிக் காய்ச்சல்னு ஒண்ணு. தொண்டைப் புண்ணில் ஆரம்பித்து இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும். அதிகம் மாட்டுறது ஏழை வீட்டுப் பசங்க. மாற்று வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வரணும், விலையோ அவங்களுக்கு எட்டாத உயரம். 1974-ல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையத்துக்கு வந்த அறுவை சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தான், இதை இங்கேயே செய்யணும்னு முடிவு பண்ணினார். பூஜப்புரையில் ராஜ குடும்பம் கொடுத்த அரண்மனையில் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஜி.எஸ். புவனேஸ்வர் தலைமையில் பொறியாளர்கள் களமிறங்கினார்கள்.

பார்க்க சின்ன சமாச்சாரம்தான். ஒரு உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தட்டு. அவ்ளோதான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் வருஷத்துக்கு சுமார் 3.7 கோடி தடவை திறந்து மூடணும். நம்ம சர்வர் மாதிரி ராத்திரி ரெண்டு மணிக்கு ரீஸ்டார்ட் பண்ண முடியாது :-)

முதல் மாடலில் பற்றவைத்த கம்பி சோதனையிலேயே உடைந்தது. இரண்டாவதில் ஒட்டு வேலையே வேண்டாம்னு ஒரே டைட்டானியக் கட்டியிலிருந்து குடைந்து எடுத்து, செயற்கை நீலக்கல்லில் தட்டு வைத்தார்கள். கல் டைட்டானியத்தைத் தேய்த்துத் தின்றுவிட்டது. மூன்றாவதில் இன்னும் கடினமான ஒரு கோபால்ட் கலப்பு உலோகம். தேய்மானச் சோதனையில் பாஸ். ஆட்டுக்குப் பொருத்தினார்கள். சில மாதங்களில் ஆடு செத்துப் போனது. நீலக்கல் தட்டு உடைந்திருந்தது.

வருஷக்கணக்கில் உழைப்பு, அரசாங்கப் பணம், கையில் ஒரு செத்த ஆடு. "போதும்ப்பா, இறக்குமதியே பண்ணிக்கலாம்" என்று இழுத்து மூடியிருக்கலாம். மூடல. நாலாவது மாடலில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, செயற்கை இடுப்பு மூட்டில் பயன்படுகிற ஒருவகை பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் தட்டு செய்தார்கள். அது நின்றது. 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பல மருத்துவமனைகளில் சோதித்த பிறகு டி.டி.கே. நிறுவனத்தின் தயாரிப்பாக விற்பனைக்கு வந்தது. இதுவரை ஒரு லட்சம் பேருக்கும் மேல் நெஞ்சில் அது துடித்திருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

இதே காலத்தில் வெளிநாட்டில் பெயர் பெற்ற ப்யோர்க்-ஷைலி வால்வின் ஒரு ரகம், கம்பி ஒட்டு உடைந்து நோயாளிகள் இறந்ததால் 1986-ல் சந்தையிலிருந்து வாபஸ் ஆனது. நம்மூர் ஆய்வுக்கூடத்தில் சோதனையின்போது உடைந்தது, அங்கே மனுஷனுக்குள்ளே உடைந்தது. சோதனை செய்கிறவனின் வேலை எவ்வளவு பெரிசுன்னு இதுக்கு மேல விளக்கணுமா?

சரி, படிப்புக்கு வருவோம். இந்தக் கதையில் எத்தனை வேலை இருக்குன்னு எண்ணிப் பாருங்க: உலோகம் தெரிஞ்சவர், ரத்த ஓட்டம் தெரிஞ்சவர், தேய்மானம் சோதிப்பவர், விலங்குச் சோதனை, தயாரிப்பு, தரக் கட்டுப்பாடு. மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த பிறகு அனுமதி வாங்கும் ஆவண வேலையும் ஒரு தனித் துறை. மேலே படிக்க ஐ.ஐ.டி. மெட்ராஸ், வேலூர் சி.எம்.சி., இதே சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய கிளினிக்கல் எஞ்சினியரிங் படிப்பு இருக்கு. 2020 முதல் கேட் தேர்வில் பயோமெடிக்கலுக்குத் தனித்தாளும் உண்டு.

வேகமா சம்பாதிக்கணும்னா எங்க பக்கம் வாங்க, தப்பில்லை. மூணு தடவை தோற்றும் நாலாவதுக்குப் பொறுமை இருக்கிற பிள்ளைன்னா, தயவுசெய்து தடுக்காதீங்க.