ஏர் எடுத்தல்: கான்லியிலிருந்து வண்டலூர் வரை

சென்னைப் பட்டறைகளில் அதற்கு ‘ஏர் எடுக்கிறது’ என்று பெயர். கிளச் குழாய்க்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றும் வேலை அது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். குழாயில் ஒரு குமிழி இருந்தால் கால் கொடுக்கும் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். பெடல் தரையைத் தொடும், கிளச் பிரியாது, கியர் கரகரக்கும்.

கோவென்ட்ரியில் வாழும் எனக்கு, இங்கே கான்லியில் பிறந்த டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்று வாய்த்திருக்கிறது. இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அதன் கிளச்சில் ஏர் எடுக்கும்போதெல்லாம் அந்தக் குழாயின் வரலாறு எனக்கு நினைவில் ஓடும். அதில் ஒரு பகுதி நம் ஊருக்கும் சொந்தம்.

காரின் பிரேக்குக்குத் திரவத்தைப் பழக்கியவர் மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர். அவருடைய சகோதரர் ஆலனின் பெயர் விமானத் தொழிலில் நிலைத்தது. மால்கமின் பெயர் பிரேக்கில் நிலைத்தது. 1921இல் டியூசன்பெர்க் காரிலும் 1924இல் கிறைஸ்லர் காரிலும் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் வந்தது. ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவங்கள் அந்தக் காலத்தில் புழங்கின. கிளச்சுக்கு இந்த முறை பரவலானது பின்னால்தான். ரப்பர் தாங்கிகளில் அமர்ந்து ஆடும் எஞ்சினோடு இரும்புக் கம்பியை இணைத்தால் கிளச் உதறும். வளையும் குழாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்டியரிங் இடப்பக்கமோ வலப்பக்கமோ, குழாயை வளைத்துக்கொண்டால் போதும். ஏற்றுமதியை நம்பி வாழ்ந்த பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு அது பெரிய வசதி.

ஸ்டாண்டர்ட்-டிரயம்ஃப் அப்படிப்பட்ட நிறுவனம்தான். 1953இல் அதற்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே கூடாகச் செய்துதர ஆள் கிடைக்காததால், தனிச் சட்டகத்தின்மேல் துண்டு துண்டாகப் பூட்டும் காரை உருவாக்கினார்கள். 1959இல் வந்த ஹெரால்டு அது. வேறு வழியில்லாமல் செய்ததே வரமாயிற்று: துண்டுகளாகக் கப்பலேற்றி எங்கு வேண்டுமானாலும் பூட்டலாம். 1961இல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு’ காரை வெளியிட்டது. வண்டலூர்த் தொழிற்சாலை அதன் வீடு.

அதே ஆண்டு இங்கே லேலண்ட் நிறுவனம் ஸ்டாண்டர்ட்-டிரயம்ஃபை வாங்கியது. எண்ணூரில் லாரி செய்த அசோக் லேலண்டின் பெயரில் இருக்கும் அதே லேலண்ட். பொறுப்பேற்றவர்கள் கான்லியைச் சுற்றிப் பார்த்தபோது மூலையில் துணி மூடிக் கிடந்த மாதிரிக் கார் ஒன்று கண்ணில் பட்டது. இத்தாலியரான மிக்கெலொட்டி வரைந்தது. ஹெரால்டின் சட்டகத்தை 91.5 அங்குல அச்சு இடைவெளியிலிருந்து 83 அங்குலமாகக் குறுக்கிச் செய்த அது, 1962இல் ஸ்பிட்ஃபயராக வெளிவந்தது. வண்டலூர்க் காரின் சித்தப்பா மகன் என்று சொல்லலாம்.

இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய அந்த ஆண்டுகளில் பாகங்களையும் இங்கிருந்து வரவழைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாடியில் வீல்ஸ் இந்தியா (1960), லூகாஸ் டிவிஎஸ் (1961), பிரேக்ஸ் இந்தியா (1962) என்று வரிசையாக முளைத்தன. பிரேக்ஸ் இந்தியாவின் தொழில்நுட்பம் பிரிட்டனின் கெர்லிங்கிடமிருந்து வந்தது. 1968இல் சென்னை ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தார்கள். கான்லி ஒருபோதும் செய்யாத காரியம் அது.

இனி அந்த வேலை. என் மகள் பெடலில் உட்காருவாள். நான் கீழே, கியர் பெட்டியின் பக்கம். ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் ரப்பர் குழாய் மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள ஜாடிக்குள் அமிழ்த்துவேன். நிப்பிள் சிலிண்டரின் மேல்புறம் இருக்க வேண்டும். காற்று மேலேதான் தேங்கும்.

“மிதிம்மா.”

“மிதிச்சுப் பிடிச்சிருக்கேன்ப்பா.”

நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன். ஜாடியில் குமிழிகள் வரும். மூடுவேன். பிறகுதான் “விடு” என்பேன். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். மேலே உள்ள தொட்டியும் வற்றக்கூடாது. வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். திரவம் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

இங்கே பிறந்த அவளுக்குத் தமிழில் கட்டளைச் சொற்கள் அதிகம் பழக்கமில்லை. மிதி, பிடி, விடு ஆகிய மூன்றையும் இந்தக் காரடியில்தான் கற்றாள். ஏன் இந்தச் சொற்கள் என்று ஒருநாள் கேட்டாள். வண்டலூரில் இதே கிளச்சுக்கு இதே சொற்களைச் சொல்லி ஏர் எடுத்திருப்பார்கள் என்றேன். “அப்போ இது நம்ம காரும்தானா?” என்றாள்.

கான்லியில் கார் தயாரிப்பு 1980இல் நின்றது. ஸ்பிட்ஃபயரும் அந்த ஆண்டோடு முடிந்தது. 1980களின் இறுதியில் வண்டலூரிலும் சத்தம் ஓய்ந்தது. புத்தகங்களில் மிக்கெலொட்டியின் பெயர் இருக்கிறது, லேலண்ட் நிர்வாகிகளின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் ஆயிரக்கணக்கான முறை பெடலை மிதித்தவர்களும் நிப்பிளைத் திறந்தவர்களும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்களில் யாரேனும் உங்கள் வீட்டுப் பெரியவராக இருந்தால், அந்த வேலையைப் பற்றி அவரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.