தாம்பரம் வட்டாரத்தில் விளையாட்டும் விடுமுறையும்

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஆகிய ஊர்கள் அடங்கிய சென்னையின் தென்புறநகரில், 20-ஆம் நூற்றாண்டில் மக்கள் ஓய்வுநாளைக் கழித்த முறையும் ஆடிய ஆட்டங்களும் இக்கட்டுரையின் பொருள். நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றுள் பெரும்பாலானவை ஏரிப்பாசனச் சிற்றூர்கள். உழவர்க்கு ஞாயிறும் திங்களும் ஒன்றே. அறுவடை கழிந்த நாள்களும் கோயில் திருவிழாவும்தான் ஓய்வு.

வார விடுமுறை சட்டத்தின் வழியாக வந்தது. இங்கிலாந்தில் 1850-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் துணியாலைப் பெண்களையும் இளையோரையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வீட்டுக்கு அனுப்பியது. ஆண்களுக்கும் பரவிய அந்த அரைநாளில் வளர்ந்ததே அந்நாட்டின் சனிக்கிழமைக் கால்பந்து. சம்பளத்துடன் ஆண்டு விடுமுறைக்கு அங்கே 1938-இல் சட்டம் வந்தது. இந்தியாவில் 1891-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளர்க்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று கணக்கு வைத்தது. தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை போன்ற ஊர்களில் ஞாயிறு என்பது சங்கு ஊதாத நாள்.

இங்கிலாந்தில் அரைநாள் ஓய்வு ஆட்டத்தை வளர்த்தது. இங்கே அந்த வேலையைப் பொங்கல் செய்தது. சென்னையில் இந்தியர் கிரிக்கெட்டுக்கு வித்திட்டவர் புச்சி பாபு நாயுடு. 1846-இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையர்க்கே உரியதாக இருந்ததால், 1888-இல் மெட்ராஸ் யுனைட்டெட் கிளப் எழுந்தது. ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் மாகாண ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்த அவர், அதைப் பார்க்காமலே 1908-இல் காலமானார். 1915 முதல் ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் நடந்த அந்த ஆட்டத்தை மக்கள் ‘பொங்கல் மேட்ச்’ என்றே அழைத்தனர். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில்தான் நடந்தது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் வீழ்த்த, சென்னை மைசூரை ஒரே நாளில் வென்றது. விடுதலைக்குப் பின் பொங்கல் மேட்ச் நின்றது. பல ஆண்டுகள் பொங்கலையொட்டி வந்த டெஸ்ட் ஆட்டம் அந்த இடத்தைப் பிடித்தது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் இதே மைதானத்தில், 1952 பிப்ரவரியில். வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார்.

தாம்பரத்துக்காரர் சேப்பாக்கம் போக வழி செய்தது 1931-இல் கடற்கரை–தாம்பரம் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில். மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய இந்த வண்டிதான் வட்டாரத்தின் ஓய்வுநாளை உருவாக்கியது என்று கொள்ளலாம். கிளப்புகளுக்கு அவ்வளவு பங்கில்லை. 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு வந்தபோது அதன் விடுதி மன்றங்களுக்கிடையிலான போட்டிகளும் கூடவே வந்தன. ஹாக்கியோ பரங்கிமலை, பல்லாவரம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் ஆட்டம்.

தெரு ஆட்டங்களைப் பருவத்தால் வகைப்படுத்துவதே முறை. யாரும் அறிவிக்காமலே கோலிப் பருவம் முடிந்து பம்பரப் பருவம் தொடங்கிவிடும். கருவி உள்ளவை: கோலி, பம்பரம், காத்தாடி, கில்லி. கில்லிக்கு முழ நீளத் தாண்டும் இருமுனையும் சீவிய விரல் நீளப் புள்ளும் போதும். கருவியற்றவை: பச்சைக்குதிரை, சடுகுடு. சடுகுடுவைக் குறிக்கும் ‘கபடி’ என்னும் பெயர் ‘கை பிடி’யிலிருந்து வந்ததென்பர், இங்கு அதுவே கொள்ளப்படுகிறது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி இடம்பெற்றபோது, மண்ணில் ஆடிய பழைய சடுகுடு ஊர்ப்பக்கம் பொங்கல் விளையாட்டுப் போட்டிகளோடு நின்றுவிட்டிருந்தது.

கோடையில் நீர் வற்றியதும் செம்பாக்கம் போன்ற ஊர்களின் ஏரிப்படுகையே கிரிக்கெட் திடல். மூன்று சவுக்குக் கழிகள் ஸ்டம்ப். எதிர்முனையில் செருப்பு அல்லது செங்கல். சேற்றுக்குட்டையில் பந்து விழுந்தால் அவுட், அடித்தவனே போய் எடுக்க வேண்டும். விதிநூல் எதிலும் இல்லாத இவ்விதியை மீறியவர் கிடையாது. வெடித்த களிமண் பாளத்தில் பந்து எப்பக்கம் திரும்பும் என்பது வீசியவனுக்கும் தெரியாது. டெஸ்ட் நாள்களில் கரைமேல் டிரான்சிஸ்டரில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்கும்.

வெளியூர் விடுமுறை என்பது ஆளுநரும் அதிகாரிகளும் ஊட்டிக்குப் போவதாகவே நெடுங்காலம் இருந்தது. மற்றவர்க்கு அது முழுப்பரீட்சை முடிந்து பாட்டி ஊருக்குப் போவது. குடும்பத்தோடு ஒருநாள் வெளியே போகக் காணும் பொங்கல் இருந்தது: அடுக்கு டிபன் கேரியரில் புளிசாதம், தயிர்சாதம், வாழையிலைச் சுருள், மடித்த ஜமுக்காளம். மெரினாவும் மாமல்லபுரமும் பழைய இடங்கள். 1855-இல் தொடங்கிய சென்னை உயிரியல் பூங்கா 1985-இல் வண்டலூருக்கு மாறியதும் கூட்டம் தெற்கே திரும்பியது. 1990-களில் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா திறக்கப்பட்டபின் விடுமுறைக்கு நுழைவுச்சீட்டும் சேர்ந்தது.

2021-இல் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. இன்று இளைஞர்கள் டர்ஃப் மைதானங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஆடுகின்றனர், தொடர் விடுமுறைப் பேருந்துகள் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன.