அளந்த தீவும் அளவு மாறிய தாவலும்

பிளாட்ஃபார்ம் கேம் எனப்படும் வீடியோ கேம் வகையில், ஆட்டக்காரர் ஒரு பாத்திரத்தை மேடைக்கு மேடை தாவச் செய்து, பள்ளங்களுக்கும் எதிரிகளுக்கும் தப்பவைத்து, கட்டத்தின் எல்லைக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருப்பதால், அந்தப் பாத்திரம் எவ்வளவு உயரம் எழும், எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும், எந்த வேகத்தில் இறங்கும் என்னும் மூன்று அளவுகளே ஆட்டத்தின் இலக்கணமாக அமைகின்றன. கட்டங்களை வடிவமைப்பவர்கள் பள்ளத்தின் அகலத்தையும் மேடையின் உயரத்தையும் இந்த அளவுகளைக் கொண்டே வகுக்கிறார்கள். ஆகையால் பழைய விளையாட்டு ஒன்றைப் புதிய கருவிகளுக்காக மறுஉருவாக்கம் செய்கையில் ஓவியத்தையும் ஒலியையும் புதுக்குவதைவிடத் தாவலை மீட்டெடுப்பதே கடினமான பணியாகிறது. 1996இல் வெளிவந்த ‘கிராஷ் பேண்டிகூட்’ விளையாட்டுக்கும், அதனையும் அதன் இரு தொடர்ச்சிகளையும் ஒருசேர மீட்டுத் தந்த 2017ஆம் ஆண்டின் ‘கிராஷ் பேண்டிகூட் என். சேன் ட்ரிலஜி’ தொகுப்புக்கும் இடையிலான வேறுபாடுகள் இதற்குத் தெளிவான சான்றாகும்.

மூல விளையாட்டு, ஆண்டி கேவின், ஜேசன் ரூபின் ஆகிய இருவரும் நிறுவிய நாட்டி டாக் நிறுவனத்தின் படைப்பாகும். 1994இல் பாஸ்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் காரில் சென்ற நெடும்பயணத்தில், அதுவரை பக்கவாட்டில் ஓடிய பாத்திரத்தை முப்பரிமாண உலகில் திரையின் ஆழத்தை நோக்கி ஓடவிடலாம் என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றியது. ஆட்டம் முழுவதும் நாயகனின் பின்புறத்தையே பார்க்க நேரும் என்பதை எண்ணி, அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ‘சோனிக்’ பாத்திரத்தின் பின்புறத்தைக் குறிக்கும் கேலிப்பெயர் ஒன்றை அவர்கள் அத்திட்டத்துக்குச் சூட்டிக்கொண்டதும் பதிவாகியுள்ளது. இந்தக் கேலிக்குள் உண்மையான இடர்ப்பாடு ஒன்று இருந்தது. பக்கவாட்டில் தாவும்போது பள்ளத்தின் அகலம் கண்ணுக்கு நேரே தெரியும். திரையின் உள்நோக்கித் தாவும்போதோ அதே அகலம் சுருங்கித் தோன்றுவதால் ஆட்டக்காரர் தூரத்தை ஊகித்தாக வேண்டும். சோனி பிளேஸ்டேஷனுடன் அன்று வந்த கைக்கருவியில் விரலால் எத்திசையிலும் சாய்க்கத்தக்க அனலாக் குச்சி இல்லை. சிலுவை வடிவில் அமைந்த திசைப் பொத்தான்களே இருந்தன. நாயகன் கிராஷுக்கு ஓடுதல், தாவுதல், சுழன்று தாக்குதல் ஆகியவற்றுக்கு மேல் வேறு வித்தைகளும் இல்லை. சறுக்குதல், பதுங்குதல், வயிறு பதிய விழுந்து தாக்குதல் ஆகியவை 1997இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் சேர்ந்தன. முதல் பாகத்தின் தீவுகள் இந்த எளிய உடலுக்கென்றே அளந்து கட்டப்பட்டவை என்பது பின்னர் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக மறுஉருவாக்கத்தை மேற்கொண்ட விகேரியஸ் விஷன்ஸ், மூல நிரலை, அதாவது பழைய விளையாட்டின் விதிகள் அனைத்தும் எழுதப்பட்டிருந்த கணினி உரையை அடிப்படையாகக் கொள்ளாமல், தன் நிரலைப் புதிதாகவே எழுதியது. அதற்குத் துணைநின்றவை பழைய கட்டங்களின் வடிவியல் தரவுகள். நிலம், சுவர், மேடை ஆகியவற்றின் வடிவத்தையும் இருப்பிடத்தையும் குறிக்கும் அத்தரவுகளை வரைபடமாகக் கொண்டு, அதன்மேல் புதிய ஓவியம் போர்த்தப்பட்டது. இதனால் இடம் ஏறத்தாழ அப்படியே பெயர்ந்து வந்தது. அந்த இடத்தில் நடமாட வேண்டிய உடலோ கண்ணால் பார்த்தும் கையால் ஆடியும் ஊகித்து அமைக்கப்பட வேண்டியதாயிற்று.

இந்த ஊகத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவே பெரும்பாலான மாற்றங்களுக்கு வேராகும். மூன்று பாகங்களில் மிகவும் பக்குவப்பட்ட இயக்கம் 1998இல் வந்த மூன்றாம் பாகமான ‘வார்ப்ட்’ விளையாட்டினுடையது என்று கருதிய வடிவமைப்பாளர்கள், அதன் இயக்கத்தையே மூன்றுக்கும் தொடக்கப் புள்ளியாகக் கொண்டனர். மூன்று விளையாட்டுகள் ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து ஆடப்படவிருந்த நிலையில் இம்முடிவு நியாயமானதே. ஆயினும் இதன் சுமை முழுவதும் முதல் பாகத்தின் தலையில் விழுந்தது. ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அவருடைய தம்பி அணிந்ததைப் போன்ற பொருத்தமின்மை அங்கு உண்டாயிற்று. புதிய கிராஷ் தாவலின் உச்சியை அடைந்தபின் பழையவனைவிட விரைந்து இறங்கினான். பழைய பள்ளங்களின் அகலம் மாறாதிருக்க, காற்றில் கழியும் நேரம் குறைந்துவிட்டதால், முன்னர் விளிம்புக்குச் சற்று முன்பே தாவியும் தப்பிய இடங்களில் இப்போது விளிம்பை ஒட்டியே தாவ வேண்டியதாயிற்று.

இரண்டாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றில் நிகழ்ந்தது. ஒரு பாத்திரம் தரையைத் தொடுகிறதா, சுவரில் இடிக்கிறதா என்று கணினி கண்டறிவதற்காக, திரையில் தெரியும் உருவத்தைச் சுற்றி எளிய வடிவம் ஒன்று மறைவாக அமைக்கப்படும். இதனை மோதல் வடிவம் எனலாம். பழைய விளையாட்டில் அது அடிப்பாகம் தட்டையான பெட்டியைப் போல் செயல்பட்டதால், அதன் ஓரம் மட்டும் மேடையில் பட்டாலும் கிராஷ் நின்றுவிடுவான். புதியதில் அது மருந்துக் குளிகையைப் போல மேலும் கீழும் உருண்ட வடிவம் பெற்றது. மேடுபள்ளமான நிலத்தில் தடங்கலின்றி வழுக்கிச் செல்லும் என்பதால் குளிகை வடிவம் இக்கால விளையாட்டுகளில் பரவலாகக் கையாளப்படுவதுதான்; ஆனால் உருண்ட அடிப்பாகம் மேடையின் விளிம்பில் படும்போது அங்கு நிற்காமல் சரிந்து கீழே விழுகிறது. விரைந்த இறக்கமும் சரியும் விளிம்பும் ஒன்றையொன்று பெருக்கின. தனித்து வந்திருந்தால் இவற்றுள் எதுவும் இவ்வளவு உணரப்பட்டிருக்காது என்றே கருத வேண்டும்.

இதன் கடுமை மிகுதியாகப் புலப்பட்டது ‘ரோடு டு நோவேர்’, ‘தி ஹை ரோடு’ ஆகிய தொங்குபாலக் கட்டங்களில். பலகைகள் இடைவிட்டுக் கிடக்கும் பாலத்தில், திரையின் ஆழத்தை நோக்கித் தாவித் தாவிச் செல்ல வேண்டிய இக்கட்டங்கள் 1996லேயே கடினமானவை எனப் பெயரெடுத்தவை. பலகைகளை விட்டுவிட்டுப் பாலத்தின் பக்கக் கயிற்றின் மேலேயே நடந்து கடக்கும் பழைய தந்திரம் புதிய பதிப்பிலும் செல்லுபடியாயிற்று என்பது ஆட்டக்காரர்களுக்கு ஓர் ஆறுதல். இளமையில் ஆடியவர்கள், தங்கள் கை பழக்கம் விட்டுப்போயிற்றோ என்று முதலில் ஐயுற்றனர். பின்னர் இரு பதிப்புகளையும் அருகருகே ஒப்பிட்டபோது வேறுபாடு வெளிப்பட்டது. மோதல் முறையும் இயற்பியலும் மாறியிருப்பதையும், முதல் பாகத்தில் தாவலுக்குக் கூடுதல் துல்லியம் தேவைப்படுவதையும் ஆக்டிவிஷன் தரப்பே 2017 ஜூலையில் ஒப்புக்கொண்டது.

தாவலில் கூடிய இக்கடுமைக்கு எதிராக, விதிகளில் பல தளர்வுகள் வந்தன. மூல விளையாட்டில் முன்னேற்றத்தைச் சேமிப்பதே ஒரு பரிசாக இருந்தது: ஒரு கட்டத்துக்குள் சிதறிக் கிடக்கும் மூன்று சின்னங்களைத் திரட்டி, அதனால் திறக்கும் சிறப்புச் சுற்றை வென்றாலோ, ரத்தினம் ஒன்றை ஈட்டினாலோதான் மெமரி கார்டில் பதியவோ கடவுச்சொல் பெறவோ இயலும். புதிய பதிப்பு ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தானாகவே சேமித்துக்கொள்கிறது. அவ்வாறே, ஒரு கட்டத்தின் பெட்டிகள் அனைத்தையும் ஒருமுறைகூட இறவாமல் உடைத்தால் மட்டுமே ரத்தினம் என்ற பழைய விதி, வண்ண ரத்தினங்களுக்கு மட்டுமே உரியதாகச் சுருங்கியது. பலமுறை தோற்பவருக்குக் காப்பு முகமூடியும் கூடுதல் மீள்தொடக்கப் புள்ளியும் தாமாகவே தோன்றும் ஏற்பாடும் முதல் பாகத்தில் சேர்க்கப்பட்டது. இத்தளர்வுகள் தோல்வியின் விலையைக் குறைத்தனவேயன்றித் தோல்வியின் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. மூல ஆட்டத்தில் இவ்விரண்டின் நிலை நேர்மாறாக இருந்தது.

உடலின் விதி இவ்வாறு மாறுவது இதற்கு முன்பும் நிகழ்ந்ததுதான். 1985ஆம் ஆண்டின் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் தலையால் செங்கல்லை உடைக்கும் மாரியோ உடனே கீழ்நோக்கித் திரும்புவான். நின்டென்டோவே 1993இல் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்’ பதிப்பில் உடைத்த பின்னும் அவன் மேலெழுவதைக் காணலாம். உருவாக்கிய நிறுவனமே மீண்டும் செய்தபோதும் இவ்வளவு நழுவியது என்பது குறிக்கத்தக்கது.

என். சேன் ட்ரிலஜியில் ‘வார்ப்ட்’ விளையாட்டுக்கு மட்டும் உரியதாயிருந்த நேரப் போட்டி மூன்று பாகங்களுக்கும் விரிந்தது. அதில் நின்று நிதானிக்க இடமில்லாததால், பழைய பள்ளங்களைப் புதிய உடலின் அளவுக்கேற்ப மீண்டும் கற்றுக்கொள்வது ஆட்டக்காரருக்குக் கட்டாயமாயிற்று. மிகையான கடுமை கருதி 1996இல் விலக்கப்பட்டு, ஆயினும் குறுந்தட்டில் மறைந்தே எஞ்சியிருந்த ‘ஸ்டார்மி அசென்ட்’ என்ற கட்டமும் 2017 ஜூலையில் தனி இணைப்பாக வெளியிடப்பட்டது. சுவரிலிருந்து நீண்டு மீண்டும் உள்ளிழுத்துக்கொள்ளும் அதன் படிகளில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் முதன்முதலாக ஏறியது, விரைந்து இறங்கும் இந்தப் புதிய கிராஷைக் கொண்டுதான்.