பாட்டன் எழுதின ஓலை

எங்க ஊர் பேர்லயே ஒத்தி இருக்கு. திருவொற்றியூர். பேர்க்காரணம் வேற என்று தலபுராணம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஒற்றி என்றால் அடமானம். கடனைப் பற்றி எழுத இந்த ஊர்க்காரனுக்கு உரிமை இல்லாமலா போய்விடும்? :-)

வீட்டுக் கடனைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, கூடாதா? "சின்னப் பசங்க, அதுங்களுக்கு எதுக்கு இந்தக் கவலை"ங்கறது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. எனக்குச் சாட்சி பக்கத்துலயே, எங்க கோயில் கதையிலேயே கிடைக்குது.

மாசி மாசம் இங்கே மகிழடி சேவை நடக்கும். மகிழ மரத்தடியில் சுந்தரர் சங்கிலியாரிடம் "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று சத்தியம் செய்ததைக் கொண்டாடுகிற விழா. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினதும் அவருக்குக் கண் போச்சு. அது எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது அதுக்கு ரொம்ப முன்னாடி புத்தூரில் நின்றுபோன அவருடைய ஒரு கல்யாணத்தைப் பற்றி.

பந்தலில் எல்லாரும் கூடியிருக்கும்போது ஒரு கிழவர் வருகிறார். "இந்த மாப்பிள்ளை என் அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்கிட்ட இருக்கு" என்கிறார். சுந்தரர் நரசிங்கமுனையரையர் வீட்டில் ராஜா பிள்ளையா வளர்ந்தவர். இதைக் கேட்டதும் என்ன தோணும்? பைத்தியம் என்று திட்டுகிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிச்சது நகல்தான், மூல ஓலை பத்திரமா இருக்குன்னு சொல்லி வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குக் கொண்டுபோகிறார்.

சேக்கிழார் இதை எழுதினது 12-ம் நூற்றாண்டில். அந்த சபை விசாரணையைப் படித்தால் ஒரு சிவில் கோர்ட்டில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். அனுபவம், ஆவணம், சாட்சி மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். கரணத்தான் ஓலையை வாசிக்கிறான். பாட்டன் தன்னை மட்டுமில்லை, தனக்குப் பின்னால் வருகிற வம்சத்தையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் பார்த்துவிட்டு, ஆமாம், எங்க எழுத்துதான் என்கிறார்கள். பாட்டனின் வேறொரு ஓலையைக் கொண்டுவந்து கையெழுத்தை ஒப்பிட்டும் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. பேரன் தோற்றான்.

வந்தவர் சிவபெருமான், ஓலை அவருடைய விளையாட்டு, அது பணக்கடனும் இல்லை. பக்தர்கள் கோவிச்சுக்காதீங்க. எனக்கு உறுத்துறது ஒரே விஷயம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்களுக்கு அந்த ஓலை தெரியும். அதில் கட்டுப்பட்ட பேரனுக்குத் தெரியாது. அப்பா சடையனாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை காதில் போட்டிருந்தால், மணவறையில் உட்கார்ந்துகொண்டு முதல் தடவையாகக் கேட்கவேண்டி வந்திருக்குமா?

இது புராணத்தோடு முடிகிற சமாச்சாரமும் இல்லை. அப்பன் கடனை அடைப்பது மகனின் தர்மம் என்றுதான் தர்மசாஸ்திரம் சொன்னது. மகன் என்றால் அசலும் வட்டியும், பேரன் என்றால் அசல் மட்டும். வெள்ளைக்காரன் கோர்ட்டும் இதை ஏற்றுக்கொண்டது, ஆனால் குடும்பச் சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் என்று எல்லை கட்டியது. ஒரு விதிவிலக்கும் இருந்தது. சூதாட்டம், குடி, பெண் சகவாசம் மாதிரியான காரியத்துக்கு அப்பன் வாங்கின கடன் மகன் தலையில் விழாது. கேட்க நல்லா இருக்கா? அந்தக் கடன் அப்படிப்பட்டதுதான்னு நிரூபிக்க வேண்டியது மகன்! எதுக்கு வாங்கினார், யார்கிட்ட வாங்கினார்னே தெரியாத பிள்ளை கோர்ட்டில் நின்று எதை நிரூபிக்கும்? பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று சட்டம் நினைத்தது. வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"தெரிஞ்சா பிள்ளை மனசு உடைஞ்சிடும்" என்பவர்களுக்கு எங்க ஊரிலேயே இன்னொரு கதை இருக்கு. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தது. அதன் நிர்வாகத்தில் இருந்தவர் மலையாள மனோரமா ஆசிரியர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை. திவான் சர் சி.பி. காலம் அது. பத்திரிகைக்குப் பூட்டு, அவருக்கு ஜெயில். அந்த வீட்டில் பிள்ளைகளிடம் மறைக்க என்ன மிச்சம் இருந்திருக்கும்? ஊர் பூரா பேச்சு அதுதான். பிள்ளைகளில் ஒருவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, அப்போ வயசு பதினைந்து. அவர்தான் 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். கடன் தெரிந்த பிள்ளை எல்லாம் டயர் கம்பெனி ஆரம்பிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்ததாலேயே நொறுங்கிப்போகும் என்பது விதி இல்லை, அவ்வளவுதான்.

அதுவும் போக, மறைக்கிறோம்னு நினைக்கிறதே ஒரு நினைப்பு. எங்க வீட்டில் அடகு ரசீது சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கும். அம்மா கழுத்தில் வெறும் மஞ்சக்கயிறு இருக்குற மாசம் எது, செயின் திரும்பி வந்த மாசம் எதுன்னு எனக்கும் தங்கச்சிக்கும் அத்துப்படி. தெரியாதது தொகைதான். தொகை தெரியாததால் நாங்களா கற்பனை பண்ணிக்கொண்டது நிஜத்தைப் போல பத்து மடங்கு. வீடே போயிடும்னு தங்கச்சி ராத்திரியில் அழுதிருக்கிறாள். விசாரித்தால் சமாச்சாரம் ரெண்டு பவுன்.

இப்போ சட்டம் மாறியாச்சு. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினப்போ பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கிடைத்ததை எல்லாரும் பேசினாங்க (நம்ம ஊரில் 1989-லேயே வந்துவிட்டது). அதே திருத்தத்தில் ஒரு உட்பிரிவு, அப்பன் பாட்டன் கடனை அடைப்பது தர்மம் என்ற ஒரே காரணத்தை வைத்து மகன், பேரன், கொள்ளுப்பேரன் மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. 2005 செப்டம்பர் 9-க்கு முன்னாடி வாங்கின கடனுக்கு மட்டும் பழைய கணக்கு. இது எத்தனை வீட்டில் தெரியும்? வாசலில் வந்து நின்று "அப்பன் வாங்கினதைப் பிள்ளை கட்டு"ன்னு கத்துறவன் சட்டப் புத்தகத்தோடவா வருகிறான்? அப்பா விட்டுப்போன சொத்து நம்ம கைக்கு வந்தால் அந்த அளவுக்குக் கடனும் கூடவே வரும். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது நம்ம கடனே. ஆக எந்தக் கடன், யாரிடம், எந்தப் பேப்பரில் யார் கையெழுத்து, எவ்வளவு கட்டியாச்சு, தீர்ந்ததுக்கு ரசீது எங்கே... இதெல்லாம் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் 2005 சட்டம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அதுக்காக ஆறு வயசுக் குழந்தையிடம் வட்டிக்கணக்கு ஒப்பிக்கணுமான்னு கேட்காதீங்க. "இந்த வருஷம் சைக்கிள் இல்லைடா, கடன் கட்டணும்" என்பது அந்த வயசுக்குப் போதும். தீபாவளிக்கு ஒண்ணும் வாங்காத கோபத்தை அதுமேல் காட்டி, "உங்களுக்காகத்தான் கடன்காரன் ஆனேன்"னு சொல்ற அப்பாக்கள் இருக்காங்களே, அவங்க வாயையே திறக்காமல் இருக்கலாம்.

என் பெண் பத்தாவது படிக்கிறாள். வீட்டு லோனில் இன்னும் எத்தனை தவணை பாக்கி, பத்திரம் எந்த பேங்கில் இருக்கு, ரெண்டும் அவளுக்குத் தெரியும். போன மாசம் அவளே கேட்டாள், "ஏம்ப்பா, தாத்தா யார்கிட்டயாவது வாங்கியிருந்தாரா?" அப்பாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.